மெஷின் நிற்கும் நாளுக்கும் கணக்கு வேண்டும்

அரசு மருத்துவமனைகளுக்குக் கருவி வாங்கும் அதிகாரிகளுக்கு, வணக்கம்.

டெண்டரும் வாரண்டியும் உங்களுக்குத் தெரியாததல்ல. போன மாதம் அப்பாவோடு டயாலிசிஸ் வார்டு வாசலில் உட்கார்ந்திருந்ததைச் சொல்கிறேன்.

உள்ளே மெஷின்கள் நன்றாகத்தான் இருந்தன. தண்ணீரைச் சுத்தம் செய்து தரும் ஆர்.ஓ. பிளான்ட்டில் பம்ப் போய்விட்டது. ஒருவருக்கு நாலு மணி நேர டயாலிசிஸுக்கு ஏறக்குறைய 120 லிட்டர் சுத்தமான தண்ணீர் வேண்டும். டெக்னீஷியன் தம்பி கம்பெனிக்குப் போன் போட்டார். வாரண்டி மெஷினுக்கு மட்டும்தானாம், பம்ப்புக்குக் கிடையாதாம்.

ஐந்து நாள் டயாலிசிஸ் இல்லை. அது இல்லாவிட்டால் குடிக்கிற தண்ணீர் உடம்பிலேயே தங்கிவிடும் என்பதால், நாக்கு வறண்டாலும் அப்பா அரை டம்ளருக்கு மேல் தண்ணீர் குடிக்கவில்லை. மூன்றாம் நாள் கால் வீங்கி செருப்பு ஏறவில்லை. நாலாம் நாள் ராத்திரி படுத்தால் மூச்சு முட்டியது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே விடிந்தது. அப்புறம் கடன் வாங்கித் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

வாரண்டி என்றால் இலவச ரிப்பேர் மட்டுமில்லை ஐயா. பழுதானால் தன் கைக்காசு போகும் என்று தெரிந்தால்தான் விற்கிறவர் நல்ல பம்ப்பாகப் பார்த்து வைப்பார். வாரண்டி காலத்தைத் தாண்டி 60 நாள் வரை விற்கிறவர் கட்டி வைக்கும் காப்புத்தொகை செல்லுபடியாக வேண்டும் என்று மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகளே சொல்கின்றன. மெஷின் நின்றால் அந்தத் தொகையிலிருந்து பிடியுங்கள். 2015-இல் வந்த கருவிப் பராமரிப்புத் திட்டம் மாவட்ட மருத்துவமனைக் கருவிகள் 95 சதவீத நேரம் ஓட வேண்டும் என்கிறது. மீதி 5 சதவீதம் என்றால் வருடத்துக்கு 18 நாள். எங்கள் அப்பா ஐந்து நாளே தாங்கவில்லை.

மெஷினையும் ஆர்.ஓ. பிளான்ட்டையும் ஒரே வாரண்டியில் சேருங்கள். ஸ்டோருக்கு வந்த தேதியை விட்டு, ஓட ஆரம்பித்த நாளிலிருந்து அதை எண்ணுங்கள். நின்ற ஒவ்வொரு நாளுக்கும் பணம் பிடியுங்கள், அந்த நாட்களை வாரண்டியோடு கூட்டுங்கள்.

எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் குடிநீர் மெஷின் திறப்பு விழா அன்று ஓடியதோடு சரி. வாங்குவதற்கு இருக்கிற அவசரம் ஓட வைப்பதற்கு ஏன் இல்லை? மன்னியுங்கள், ஆற்றாமையில் எங்கோ போய்விட்டேன்.

அடுத்த டெண்டரிலாவது நின்ற நாளுக்குக் கணக்கு கேளுங்கள் என்று பணிவோடு வேண்டுகிறேன். இப்போதெல்லாம் வார்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அப்பா டெக்னீஷியனிடம் கேட்கிறார்: “தண்ணி வருதா தம்பி?”

இப்படிக்கு,
டயாலிசிஸ் நோயாளி ஒருவரின் மகள்