செவிலியர்களின் மனநலப் பாதுகாப்புக்கு அரசாணை வேண்டி மனு

அனுப்புநர்
அரசு மருத்துவமனைச் செவிலியர்கள்
(கையொப்பங்கள் இணைப்பில்)

பெறுநர்
அரசுச் செயலாளர் அவர்கள்,
மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

பொருள்: பெருந்தொற்றுக் காலத்தில் செவிலியர்களின் மனநலம் காக்க நிலையான ஏற்பாடு வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

கொரோனா வார்டுகளில் பணியாற்றிய செவிலியர்கள் இம்மனுவை அளிக்கிறோம்.

அந்த நாட்களில் எங்கள் மன உறுதியைப் பலரும் பாராட்டினார்கள். 2021 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான பணிக்காகச் செவிலியர்களுக்கு அரசு 20,000 ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்தது. அதற்கு நன்றி. ஆனால் அந்த உறுதி பிறவியிலேயே வாய்த்ததல்ல. ஓய்வும் துணையும் கிடைத்தவரை நிலைத்தது. அவை போனதும் ஆட்டம் கண்டது.

2020இல் எங்கள் மருத்துவமனையில் ஒரு வாரம் கொரோனா பணி முடித்தால், மறு வாரம் தனித்திருக்க விடுதியில் அறை கொடுத்தார்கள். கவச உடைக்குள் தண்ணீர் குடிக்காமல், கழிப்பறைக்குப் போகாமல், மாதவிலக்கு நாட்களிலும் ஆறு மணி நேரம் நின்றவர்களுக்கு மீண்டும் வார்டுக்குள் நுழையும் தெம்பை அந்த ஒரு வாரமே தந்தது. உடன் பணியாற்றியவர்களிடம் பேசி, அழுது, தேறினோம். 2021 மே மாதம் இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தபோது அந்த ஓய்வு எங்களுக்கு இல்லை. ஆம்புலன்ஸ்கள் வாசலிலேயே காத்துக் கிடந்தன. உறவினர்கள் உள்ளே வர முடியாததால், கடைசி நேரத்தில் நோயாளியின் காதருகே செல்பேசியைப் பிடித்து நின்றவர்கள் நாங்கள். உடலை உறையிட்டு அனுப்பிய கையோடு அடுத்த படுக்கைக்கு ஊசி போடச் சென்றோம். வீட்டிலோ பிள்ளையைத் தூக்கவும் பயம்.

மானிட்டர் அலாரம் கேட்டால் இன்றும் படபடக்கிறது என்று சொல்பவர்கள் எங்களிடையே இருக்கிறார்கள். அவர்கள் மனநலப் பிரிவை நாடவில்லை. தாம் பணிபுரியும் இடத்திலேயே, தெரிந்தவர்கள் பார்க்க, புறநோயாளிச் சீட்டுடன் உட்கார யாருக்கு மனம் வரும்? செய்தி மேலதிகாரிகளுக்குப் போய்விடும் என்ற அச்சம் வேறு. தொலைபேசியில் மனநல ஆலோசனை தரும் டெலி மானஸ் 14416 எண் நல்ல உதவிதான். ஆனால் ஆள் பற்றாக்குறையில் அடுத்தடுத்துப் பணி பார்ப்பவருக்கு, அழைத்துப் பேச நேரம் கிடைத்தால் அல்லவா?

பெருந்தொற்றுக்காக எடுக்கப்பட்ட ஒப்பந்தச் செவிலியர்கள் பலரின் பணி 2022 டிசம்பர் 31க்குப் பின் நீட்டிக்கப்படவில்லை. வேலை நிலைக்குமா என்ற கவலையையும் சுமந்துகொண்டே அவர்கள் அந்த வார்டுகளில் நின்றார்கள் என்பதைத் தாங்கள் மறக்கலாகாது.

எனவே, அடுத்த தொற்று வரும்வரை காத்திராமல் அரசாணை ஒன்றை வெளியிடுமாறு வேண்டுகிறோம். தொற்று வார்டுப் பணிக்குப் பின் ஊதியத்துடன் ஓய்வு வேண்டும். அது விடுப்புக் கணக்கில் கழிக்கப்படக் கூடாது. தலைமைச் செவிலியர்களுக்கு மனநல முதலுதவிப் பயிற்சி வேண்டும். ஒப்பந்தப் பணியாளர்களுக்கும் இவை அனைத்தும் பொருந்த வேண்டும்.

இன்றும் அவதிப்படுவோருக்கு ஆலோசனை உடனடித் தேவை. மாவட்ட மனநலத் திட்டத்தின் வழியாக, அவரவர் மருத்துவமனைக்கு வெளியே, பணி நேரத்திலேயே, பணிப்பதிவேட்டில் குறிப்பு ஏதும் ஏறாத வகையில் அதை இம்மாதமே தொடங்கப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
செவிலியர்கள்