ஓரமாக நிற்காத பேஸ்: ஃபில் லெஷுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள ஃபில் லெஷ் அவர்களுக்கு,

தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் பேஸ் கிடார் என்றால் டிரம்ஸோடு ஒட்டிக்கொண்டு, பாட்டைத் தாங்கிப் பிடித்துவிட்டு ஓரமாக நிற்க வேண்டிய வாத்தியம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உங்களைக் கேட்ட பிறகு என்னால் அப்படி நினைக்க முடிவதில்லை.

1965-இல் கிடார் கலைஞர் ஜெர்ரி கார்சியா, பின்னாளில் ‘கிரேட்ஃபுல் டெட்’ என்று பெயர்பெற்ற தன் அமெரிக்க ராக் குழுவுக்கு உங்களைக் கூப்பிட்டபோது உங்களுக்கு வயது 25. பேஸ் வாசித்துப் பழக்கமே இல்லை. சின்ன வயதில் வயலின், பிறகு டிரம்பெட், அப்புறம் மில்ஸ் கல்லூரியில் இத்தாலிய இசையமைப்பாளர் லூசியானோ பெரியோவிடம் இசையமைப்புப் பாடம். இவ்வளவும் படித்துவிட்டுத் தபால் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர் நீங்கள். பேஸுக்கென்று வாத்தியார் யாரும் வாய்க்காததே நல்லதாகப் போயிற்று என்பேன். மேற்கத்தியச் செவ்வியல் மேதை பாக் (Bach) இசையில் கீழ்க்குரல் தனி மெட்டாகவே நடக்குமே, அதை ராக் மேடைக்குக் கொண்டுவந்தீர்கள். 1969-இல் வந்த ‘லைவ்/டெட்’ தொகுப்பில் ‘டார்க் ஸ்டார்’ பாட்டு 23 நிமிடம் ஓடுகிறது. அதில் பேஸை மட்டும் பிடித்துக்கொண்டு கேட்டால், கார்சியாவின் கிடாருக்குப் பதில் சொல்லியபடி, சில இடங்களில் அதை முந்திக்கொண்டு ஓடுகிறீர்கள். கிரேட்ஃபுல் டெட் கச்சேரிகளில் எல்லா இரவும் இது கூடிவரவில்லைதான். கூடிவந்த இரவுகளுக்கு ஈடு கிடையாது.

1974-இல் உங்கள் குழு ஊர் ஊராகக் கொண்டுபோன ‘வால் ஆஃப் சவுண்ட்’ ஒலியமைப்பை நினைத்தால் இன்றும் வியப்பாக இருக்கிறது. சுமார் 75 டன் எடை, அறுநூறு ஸ்பீக்கர்களுக்கு மேல். உங்கள் பேஸின் நான்கு தந்திகளுக்கும் தனித்தனி ஸ்பீக்கர் அடுக்குகள்! ஒரு தந்தியிலிருந்து அடுத்ததற்கு விரல் தாவினால் சத்தமும் இடம் மாறும். அந்த மைதானங்களில் நின்று கேட்டவர்கள் மேல் எனக்குப் பொறாமை உண்டு.

நீங்கள் தனியாகப் பாடியது குறைவு. ஆனால் ‘பாக்ஸ் ஆஃப் ரெயின்’ ஒன்று போதும். சாகக் கிடந்த அப்பாவுக்குப் பாடிக்காட்ட மெட்டுப் போட்டு, குழுவின் பாடலாசிரியர் ராபர்ட் ஹன்டரிடம் வரிகள் வாங்கினீர்கள். 1995 ஜூலை 9 அன்று சிகாகோ சோல்ஜர் ஃபீல்ட் மைதானத்தில் கார்சியா உங்களோடு வாசித்த கடைசிப் பாட்டும் அதுவாகவே அமைந்துவிட்டது. சரியாக ஒரு மாதத்தில் அவர் போய்விட்டார்.

பேஸோடு இந்தக் கடிதத்தை நிறுத்த மனம் வரவில்லை. ஹெபடைடிஸ் சி உங்கள் கல்லீரலைத் தின்றுவிட்டது. 1998 டிசம்பரில், இறந்துபோன ஓர் இளைஞனின் கல்லீரல் உங்களுக்குக் கிடைத்தது. அதோடு ஏறத்தாழ 26 ஆண்டுகள், 2024 அக்டோபர் வரை, 84 வயதுவரை வாழ்ந்தீர்கள். சும்மா வாழவில்லை. கச்சேரிதோறும் மேடையில் நின்று அந்தப் பையனுக்கு நன்றி சொன்னீர்கள். உடலுறுப்பு தானம் செய்ய விரும்புவதைப் பக்கத்தில் இருக்கும் நெருங்கியவர்களிடம் இப்போதே சொல்லிவிடுங்கள் என்று கூட்டத்தைக் கேட்டுக்கொண்டீர்கள். ஆட்டம் போட வந்த கூட்டத்திடம் சாவைப் பற்றி, அதுவும் சலிக்காமல் ஒவ்வொரு முறையும் பேச எவ்வளவு நன்றியுணர்வு வேண்டும்!

நானும் என் வீட்டில் சொல்லிவிட்டேன், ஃபில்.

அன்புடன்,
உங்கள் ரசிகன்