பாலஸ்தீனப் படச்சுருள்களைக் காத்துத் தந்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

1982இல் இஸ்ரேல் படை பெய்ரூட்டுக்குள் புகுந்ததோடு பாலஸ்தீன விடுதலை இயக்கத்தின் திரைப்படக் காப்பகம் கைவிட்டுப் போயிற்று. அதன் ஒரு பகுதி இஸ்ரேல் ராணுவக் காப்பகத்தில் இருப்பது பல ஆண்டுகள் கழித்துத்தான் வெளியே தெரிந்தது. அப்படியும் அந்தக் காலத்துப் படங்கள் சில இன்று நம் கண்ணுக்குக் கிடைக்கின்றன என்றால், வெளிநாடுகளுக்குப் போன பிரதிகளைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்த உங்களால்தான். அதற்கு இந்த மடல்.

சுலாஃபா ஜாதல்லாஹ், ஹானி ஜவ்ஹரிய்யா, முஸ்தஃபா அபூ அலி மூவரும் 1968இல் அம்மானில் பாலஸ்தீனத் திரைப்படக் குழுவைத் தொடங்கினார்கள். அதுவரை பிறர் எடுத்த படங்களில் பாலஸ்தீனர் பெரும்பாலும் கூடார வரிசையாகவும் நிவாரண வரிசையாகவும்தான் தெரிந்தார்கள். 1976 ஏப்ரலில் லெபனானின் ஐந்தூரா மலைப்பகுதியில் படம் பிடித்துக்கொண்டிருந்தபோதே ஹானி கொல்லப்பட்டார்.

முஸ்தஃபா 1974இல் எடுத்த ‘லைசா லஹும் வுஜூத்’, அதாவது ‘அவர்கள் இல்லை’, நபத்தியா அகதி முகாமின் அன்றாடத்தில் தொடங்குகிறது. ஒரு சிறுமி போராளி ஒருவருக்குக் கடிதம் எழுதி, பரிசாக ஒரு துண்டை அனுப்புகிறாள். பிறகு போர் விமானங்கள் வருகின்றன, பின்னணியில் ஜெர்மானிய இசைமேதை பாக்கின் இசை. அதன்பின் அந்த முகாம் இடிபாடாகக் கிடக்கிறது. பாலஸ்தீனர் என்றொரு மக்களே கிடையாது என்று 1969இல் இஸ்ரேல் பிரதமர் கோல்டா மேயர் சொன்னதற்கு இதைவிடத் தெளிவான பதில் எங்களுக்குத் தெரியவில்லை. படம் 25 நிமிடம், 16 மி.மீ. பிலிமில் சுமார் 900 அடி. ஒற்றை ரீலில் அடங்கிவிடும், ஒற்றை டப்பாவோடு தொலைந்தும் போகும்.

வைத்திருப்பது என்றால் சும்மா வைத்திருப்பதல்ல. அசிட்டேட் என்னும் பிளாஸ்டிக்கில் செய்த பிலிம் வெப்பத்திலும் ஈரத்திலும் கிடந்தால் அசிட்டிக் அமிலத்தைக் கக்கும். அந்த அமிலமே சிதைவை இன்னும் விரைவாக்கும். காற்றுப் புகாத டப்பாவில் அடைத்தால் வெளியேற வழியின்றி நிலைமை மோசமாகும். திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் அந்த ரீலை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்துவிட வேண்டும், அமில ஆவி பக்கத்து ரீல்களையும் தொற்றும். காந்த ஒலித்தடம், அதாவது ஒலியைப் பதிந்த காந்தப் பூச்சு, உள்ள பிரதி இன்னும் சீக்கிரம் கெடும், அதிலுள்ள இரும்பு ஆக்சைடு அந்த வினையைத் தூண்டிவிடுகிறது. வண்ணப் பிரதிகளில் நீலப்பச்சைச் சாயம் முதலில் வெளிறிப்போய், படம் முழுக்கச் செக்கச்செவேலென்று நிற்கும். சுருங்கிய பிலிமைப் புரொஜெக்டரில் ஓட்டிப் பார்க்கும் ஆசைதான் எல்லாவற்றிலும் ஆபத்து. நூற்றுக்கு ஒரு பங்கு சுருங்கினாலே புரொஜெக்டரின் பற்சக்கரமும் பிலிம் ஓரத் துளையும் பொருந்தாமல் ஓரம் கிழிந்துகொண்டே போகும். அந்த ஆசையை அடக்கிக்கொண்டவர்களுக்குத் தனி நன்றி.

டோக்கியோ நண்பர்களே, 20 படங்களின் 16 மி.மீ. பிரதிகளைப் பல பத்தாண்டுகள் பாதுகாத்து, இயக்குநர் முஹன்னத் யாகூபியிடம் ஒப்படைத்தீர்கள். 2022இல் வந்த அவருடைய ‘ஆர் 21’ அவற்றிலிருந்துதான் பிறந்தது. நாடு நாடாகப் பிரதிகளைத் தேடிச் சேர்த்த கதீஜா ஹபாஷ்னா அம்மையாருக்கும், 1977இல் வந்த ‘தல் அல் ஸாதர்’ படத்துக்காக எடுத்த காட்சிகளை ரோமில் மீட்டெடுத்த மோனிகா மௌரர், எமிலி ஜாசிர் இருவருக்கும் கைகூப்புகிறோம்.

பெயர் வெளியே தெரியாதவர்கள்தான் அதிகம். கையுறை போட்டு, மெல்லச் சுற்றி, கிழிந்த துளைகளை விரல் நுனியால் தடவிக் கண்டுபிடித்தவர்கள். காய்ந்து விட்டுப்போன பழைய ஒட்டுகளை ஒவ்வொன்றாகப் புதுப்பித்தவர்கள். பற்சக்கரம் இல்லாத ஸ்கேனரில் ஃபிரேம் ஃபிரேமாக ஏற்றியவர்கள். 25 நிமிடப் படத்துக்கு 36,000 ஃபிரேம்கள்! மூல ஒலி கெட்டுப்போன இடத்தில் வேறொரு பிரதியின் ஒலியை எடுத்துப் பொருத்தியவர்களின் பொறுமையை எப்படிச் சொல்ல? இரு பிரதிகளிலும் வெட்டுகள் ஒன்றுபோல இருப்பதில்லை. ஒரு வினாடி பிலிம் எங்கோ அறுந்து போயிருந்தால், அங்கிருந்து ஒலி முழுவதும் படத்தைவிட 24 ஃபிரேம் தள்ளிப்போய் நிற்கும். ஒவ்வொரு ஒட்டிலும் நின்று மீண்டும் சரிபார்த்துத்தான் நகர முடியும்.

இப்போதும் யாரிடமாவது டப்பா இருந்தால் ஓர் உதவி. குளிர்ந்த இடத்திலிருந்து எடுத்ததும் திறக்காதீர்கள், ஒரு நாள் முழுக்க அறையில் வையுங்கள். இல்லையேல் பிலிமில் ஈரம் கோக்கும். துருப்பிடித்த டப்பாவை மாற்றலாம், ஆனால் அதிலுள்ள சீட்டு, முத்திரை, கைப்பட எழுதிய ஊர்ப்பெயர் எல்லாவற்றையும் முதலில் படமெடுத்துக்கொள்ளுங்கள். தலைப்பு அட்டை அறுந்துபோன படத்துக்கு அதுதான் அடையாளம். எந்தப் படம் என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அருகிலுள்ள திரைப்படக் காப்பகத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள், ரீலின் நீளத்தையும் கறுப்பு வெள்ளையா வண்ணமா என்பதையும் மட்டும் குறிப்பிட்டால் போதும்.

மிக்க நன்றியுடன்,
இந்தப் படங்களைத் திரையில் பார்க்கக் கிடைத்தவர்கள்