பேட்கருக்கு விருது குடுத்தாச்சு, சரி... ராம்ப் எங்க சார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

பாராலிம்பிக்ஸ்ல (மாற்றுத்திறனாளிகளுக்கான ஒலிம்பிக்ஸ்) இந்தியாவுக்கு முதல் தங்கம் வாங்கின பட்டாளத்துக்காரர் முரளிகாந்த் பேட்கர் பத்தி நம்ம பேப்பர் விளையாட்டுப் பக்கத்துல வந்த கட்டுரை படிச்சேன். போட்டதுக்கு முதல்ல நன்றி. ஆனா தலைப்புல "தன்னம்பிக்கை நாயகன்"னு பெருசா போட்டு, உள்ள முக்கால்வாசி குண்டடி பட்ட கதையே சொல்லிட்டு, அவர் ஜெயிச்சத கடைசி ரெண்டு வரில முடிச்சுட்டீங்களே, அதான் மனசு ஆறல.

1972 ஆகஸ்ட்ல நடந்தது இது. ஒலிம்பிக்ஸ் ஜெர்மனில ம்யூனிக்ல, ஆனா அங்க கட்டுன வீரர்கள் குடியிருப்ப ஃப்ளாட்டா மாத்தப் போறாங்கன்னு பாராலிம்பிக்ஸ ஹைடல்பெர்க்குக்குத் தள்ளி விட்டுட்டாங்க (அப்பவே நிலைமை அப்படித்தான்). அங்க 50 மீட்டர் ஃப்ரீஸ்டைல்ல நம்ம ஆள் 37.33 செகண்ட்ல வந்து உலக சாதனையோட தங்கம் வாங்கினார். நீச்சலோட விட்டாரா, அதே போட்டில ஈட்டி எறிஞ்சார், வீல்சேர் ஸ்லாலம்லயும் இறங்கினார். ஸ்லாலம்னா தடைகளுக்கு நடுவுல வண்டிய முன்னயும் பின்னயும் வளைச்சு ஓட்டி நேரத்துக்குள்ள முடிக்கணும், தோள்பட்டை கழண்டுடும். அதுக்கு நாலு வருஷம் முன்னாடி டெல் அவிவ் பாராலிம்பிக்ஸ்ல டேபிள் டென்னிஸ்ல முதல் ரவுண்டு தாண்டியிருக்கார். அடிப்படைல பாக்ஸர் வேற! இந்தியாவோட முதல் தனிநபர் தங்கம்னா நம்ம எல்லாருக்கும் 2008 பீஜிங், அபினவ் பிந்த்ரா தான் ஞாபகம் வரும், ஒலிம்பிக்ஸ்ல அது சரிதான், ஆனா பேட்கர் தங்கம் அதுக்கு 36 வருஷம் மூத்தது. பாராலிம்பிக்ஸ்ல அடுத்த தங்கம் வர்றதுக்கே 2004 ஏதன்ஸ்ல தேவேந்திர ஜஜாரியா ஈட்டி எறியுற வரைக்கும் காத்திருக்க வேண்டியதாப் போச்சு.

சரி, பேட்கர் எப்படி அந்த இடத்துக்குப் போனார்னு பாருங்க, அதுதான் நான் சொல்ல வந்தது. 1965 பாகிஸ்தான் போர்ல குண்டு பாய்ஞ்சு இடுப்புக்குக் கீழ செயலிழந்து போச்சு, முதுகெலும்புல ஒரு குண்டு அப்படியே தங்கிடுச்சு. மும்பை அஸ்வினி கடற்படை ஆஸ்பத்திரில பிசியோதெரபிக்காகத்தான் தண்ணில இறங்கச் சொன்னாங்க. கூட்டிட்டுப் போய் இறக்க ஆள் இருந்தாங்க, இறங்க குளம் இருந்துச்சு. வெளிநாடு போக காசு? பழைய கிரிக்கெட் வீரர் விஜய் மெர்ச்சன்ட் நடத்தின அமைப்பு உதவி பண்ணுச்சு. அப்புறம் புனே டெல்கோல (இன்னிக்கு டாடா மோட்டார்ஸ்) வேலை. மனுஷனுக்கு மனத்திடம் இல்லைன்னு யார் சொன்னா, மலையளவு இருந்துச்சு, ஆனா அதை மட்டும் வச்சுகிட்டு ஹைடல்பெர்க் போயிருக்க முடியாது. இந்த பாராலிம்பிக்ஸே ஆஸ்பத்திரில பொறந்ததுதானே, 1948ல இங்கிலாந்து ஸ்டோக் மாண்டவில்ல டாக்டர் குட்மன் தண்டுவடம் அடிபட்ட சிப்பாய்ங்க 16 பேர வில்ல எடுக்க வச்சுத்தான ஆரம்பிச்சார்.

இப்ப நம்ம பக்கம் வாங்க. என் தங்கச்சி வீல்சேர்ல இருக்கா, டேபிள் டென்னிஸ் நல்லா ஆடுவா. நாங்க போற இன்டோர் ஹாலுக்கு வாசல்ல ஆறு படி. சைடுல ராம்ப் (வண்டி ஏறுற சாய்வுப் பாதை) இருக்கு, இல்லைன்னு சொல்ல மாட்டேன், ஆனா அதுக்கு மேல இருக்கற கேட்டுக்குப் பூட்டு, சாவி வாட்ச்மேன்கிட்ட, வாட்ச்மேன் டீக்கடைல. அதனால ரெண்டு பசங்க வண்டியோட அவள தூக்கிட்டுப் போவாங்க, அவ கைப்பிடிய இறுக்கிப் புடிச்சுகிட்டு யார் முகத்தையும் பாக்காம உக்காந்திருப்பா. பாத்ரூம் கதவு அகலம் பத்தாது, அதனால காலைலேர்ந்தே தண்ணி குடிக்காம வருவா. அந்த வண்டியும் ஆஸ்பத்திரில தள்ளுற மாதிரி மடக்கு வண்டி, சட்டுனு திருப்ப முடியாது. ஆடுறதுக்குன்னு செய்யுற வண்டி லேசா இருக்கும், சக்கரம் சாய்வா இருக்கும், அளவெடுத்து செய்யணும், விலை கேட்டா தலை சுத்தும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொதுக் கட்டடத்த எல்லாம் அஞ்சு வருஷத்துல சரி பண்ணணும்னு சொல்லுது, 2017ல விதிமுறை வந்துச்சு, கெடு 2022லயே முடிஞ்சாச்சு. யார் கேக்குறா?

மரியாதை விஷயத்துல முன்னேற்றம் இல்லாம இல்ல. 2016 ரியோல நம்ம சேலத்து மாரியப்பன் உயரம் தாண்டி தங்கம் வாங்கினப்ப தமிழக அரசு உடனே ரெண்டு கோடி அறிவிச்சுது, நல்ல விஷயம். பேட்கருக்கு? 1982ல அர்ஜுனா விருது கேட்டு இல்லைன்னுட்டாங்க. பத்மஸ்ரீ 2018ல. அர்ஜுனா 2025 ஜனவரில, வயசு 80. தங்கம் வாங்கி 52 வருஷம் கழிச்சு! நடுவுல ஒரு ஹிந்திப் படம் வந்ததாலதான் பாதிப் பேருக்கு அவர் பேரே தெரிஞ்சுது, இது எனக்கு சந்தோஷமா வருத்தமான்னு தெரியல.

ஆசிரியர் சார்கிட்ட ரெண்டு வேண்டுகோள். அடுத்த தடவை பாரா வீரர் யார பத்தி எழுதினாலும் அவங்களோட டைம், தூரம், எந்த மாற்றுத்திறன் பிரிவு, யார் கோச், வண்டி எங்கேர்ந்து வந்துச்சுன்னு கிரிக்கெட்டுக்கு எழுதுற மாதிரியே எழுதுங்க, கண்ணீர் கதை எங்களுக்கு வீட்லயே நிறைய இருக்கு. இன்னொன்னு, உங்க நிருபர்கள மாவட்டத்துக்கு ஒருத்தரா அந்தந்த ஊர் ஸ்டேடியத்துக்கும் நீச்சல் குளத்துக்கும் அனுப்பி, வீல்சேர்ல வர்றவங்க உள்ள போக முடியுதா, பாத்ரூம் போக முடியுதா, தண்ணில இறங்க முடியுதான்னு பாத்து ஊர் பேரோட போடுங்க. ராம்ப் கேட் சாவி யார்கிட்ட இருக்குன்னும் மறக்காம கேக்கச் சொல்லுங்க.

இப்படிக்கு,
ரொம்ப வருஷமா உங்க பேப்பர கடைசிப் பக்கத்துலேர்ந்து படிக்கிற ஒரு வாசகன்