லெந்து கால வேதபாட வகுப்புக்குத் துணைநின்ற அனைவருக்கும்

கிறிஸ்துவுக்குள் அன்பான சபையாருக்குத் தோத்திரம்.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து காலத்தின் புதன்கிழமை மாலைகளில், வேதாகமத்திலுள்ள நீதிமொழிகளையும் யாக்கோபின் நிருபத்தையும் நாம் சேர்ந்து வாசித்தோம். வீட்டிலும் வேலையிடத்திலும் எதைச் செய்வது, எதை விடுவது என்று பகுத்தறியும் ஞானத்தைத் தேடிய அந்த வகுப்பை நிறைவாக முடிக்க உதவிய ஒவ்வொருவருக்கும் இம்மடலின் வழியே நன்றி தெரிவிக்கிறேன்.

முதலில் நம் போதகரான சேகரகுரு ஐயா அவர்களுக்கு. மூடனுக்கு மறுஉத்தரவு கொடாதே என்றும் கொடு என்றும் நீதிமொழிகள் 26ஆம் அதிகாரத்தில் அடுத்தடுத்து நிற்கும் 4, 5ஆம் வசனங்களை முதல் நாளிலேயே எங்கள்முன் வைத்து, எந்த வசனம் எந்த மனிதரிடம், எந்த வேளையில் பொருந்தும் என்று நிதானிக்கும் பொறுப்பைத் தேவன் நம்மிடம் விட்டிருக்கிறார் என்பதை அவர் பொறுமையாக விளக்கினார். கண்ணை மூடி வேதத்தைத் திறந்து, விரல் பட்ட வசனத்தையே பதிலாக எடுத்துக்கொள்ளும் வழக்கமுள்ளவர்களை அவர் ஒரு சொல்லாலும் புண்படுத்தவில்லை. அந்த வசனத்துக்கு முன்னும் பின்னும் உள்ளதை வாசிக்கச் சொன்னார். அதற்காகவே அவருக்குத் தனியாக ஒரு நன்றி சொல்ல வேண்டும்.

தன் வீட்டுப் பிரச்சினையை வகுப்பில் வைக்கத் துணிந்த சகோதரிக்கு நாங்கள் பெரிதும் கடன்பட்டிருக்கிறோம். தொழில் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடும்படி அவருடைய கொழுந்தனார் கேட்டிருந்தார். மறுத்தால் குடும்பத்தில் மனக்கசப்பு வரும். போட்டாலோ மகளின் படிப்புக்கென்று சேர்த்த பணத்துக்கு ஆபத்து வரலாம். பிணைப்படாதே, அதாவது ஜாமீன் நிற்காதே, என்று நீதிமொழிகள் பல இடங்களில் எச்சரிக்கிறதே, அத்தோடு முடிந்தது என்று எங்களில் சிலர் சொன்னோம். வங்கியில் பணியாற்றி ஓய்வுபெற்ற சகோதரர், 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 128ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்படாவிட்டால் ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம் என்று விளக்கினார். கடனாளியைத் துரத்தி அலுத்த பிறகுதான் வங்கி ஜாமீன்தாரரிடம் வரும் என்ற பொதுவான நம்பிக்கைக்கு ஆதாரமில்லை என்பதையும் அவர் தெளிவாக்கினார்.

அப்போது ஓய்வுபெற்ற ஆசிரியை அம்மா, தம்பி பென்யமீனைத் திரும்பக் கொண்டுவருவதாகத் தகப்பனிடம் யூதா பிணைப்பட்டதையும் (ஆதியாகமம் 43:9), ஒநேசிமு என்ற அடிமை பட்ட கடனைத் தன் கணக்கில் வைக்கும்படி அப்போஸ்தலனாகிய பவுல் அவனுடைய எஜமான் பிலேமோனுக்குத் தன் கையாலேயே எழுதியதையும் நினைவூட்டினார். தாங்கள் எதை ஏற்கிறோம் என்று அவ்விருவரும் அறிந்திருந்தார்கள். யூதாவோ சொன்ன சொல்லுக்காகப் பென்யமீனுக்குப் பதில் தானே அடிமையாயிருக்க முன்வந்தான். எனவே, இந்தத் தொகை முழுவதையும் நாமே கட்ட நேர்ந்தால் நம்மால் முடியுமா, மனமுவந்து கட்டுவோமா என்பதே அந்தக் குடும்பம் ஜெபத்தில் கேட்க வேண்டிய கேள்வியாயிற்று. அவர்கள் கையெழுத்துப் போடவில்லை. தங்களால் இயன்ற ஒரு தொகையைத் திரும்ப எதிர்பாராமல் கொடுத்து, காரணத்தை நேரில் போய்ச் சொன்னார்கள். மறுப்பைச் சொல்லும் விதத்திலும் சமாதானம், சாந்தம், இணக்கம், இரக்கம் இருக்கிறதா என்று யாக்கோபு 3:17ஐ வைத்துச் சோதித்துப் பார்த்துவிட்டே அந்தத் தம்பதியர் புறப்பட்டார்கள் என்பது என் மனதைத் தொட்டது. பரத்திலிருந்து வரும் ஞானத்தைப் பற்றி நான் கேட்ட எந்தப் பிரசங்கத்தையும்விட இது எனக்கு அதிகம் கற்பித்தது.

வகுப்பில் பேசியதைத் தெருவுக்குக் கொண்டுபோகாமல் காத்த உங்கள் எல்லாருக்கும் நன்றி. அந்த நம்பிக்கை இல்லாமல் யாரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள்.

பெண்கள் ஐக்கிய சங்கத்தார் வாரந்தோறும் சுக்குக் காப்பி கொடுத்தார்கள். ஆலயப் பணியாளரான கோயில்குட்டியார் நேரத்துக்கு ஆலயத்தைத் திறந்து விளக்குப் போட்டு, கடைசி ஆள் போகும்வரை காத்திருந்தார். கண் மங்கிய மூத்தவர்களுக்கு அருகில் உட்கார்ந்து வாலிபர்கள் வேதபாகங்களை வாசித்துக் காட்டினார்கள். உங்கள் அனைவருக்கும் நன்றி.

தங்கள் காரியத்தைப் பெயர் குறிப்பிடாமல் எழுதிக்கொள்ளலாம் என்று முழுமனதோடு அனுமதித்த அந்தச் சகோதரியின் குடும்பத்தாருக்கும், அவர்களோடு சேர்ந்து அனுமதி தந்த கொழுந்தனாருக்கும் என் நன்றி உரியது.

கிறிஸ்துவின் பணியில்,
வேதபாட வகுப்பு அமைப்பாளர்