லேப் சிஸ்டத்தில் தங்கிப்போகும் டோக்கன்கள்: சேலம் கல்லூரிக் கணினித் துறைகளுக்கு ஒரு திறந்த மடல்

சேலத்திலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள பொறியியல், கலை அறிவியல், பாலிடெக்னிக் கல்லூரிகளின் கணினித் துறைத் தலைவர்களுக்கும் லேப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

ஐந்து ரோடு பக்கம் ஏழு பேர் வேலை பார்க்கும் சிறிய மென்பொருள் அலுவலகம் நடத்துகிறேன். சேகோ ஆலைகளுக்கும் ஜவுளிக் கடைகளுக்கும் பில்லிங், ஸ்டாக் கணக்கு எழுதித் தருவது எங்கள் தொழில். பொங்கல் முடிந்ததும் உங்கள் ஃபைனல் இயர் பிள்ளைகள் இன்டர்ன்ஷிப் கேட்டு வருவார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள். அவர்களுக்காக நீங்கள் எடுத்துக்கொள்ளும் அக்கறை எனக்குத் தெரியும். அந்த உரிமையில்தான் இந்த மடல்.

போன ஜனவரியில் ஆத்தூர் பக்கமிருந்து ஒரு மாணவி வந்தார். ப்ராஜெக்டைப் பென்டிரைவில் கொண்டுவந்திருந்தார். அந்த ஃபோல்டரைத் திறந்து, கோட் எங்கே வைத்திருக்கிறார்கள் என்று பார்ப்பதற்காக, கோடின் மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் கிட் மென்பொருளில் ‘கிட் ரிமோட் ஹைபன் வி’ என்று அடித்தேன். திரையில் இரண்டு வரி வந்தது. கோடை இணையத்தில் வைக்கும் கிட்ஹப் தளத்தின் முகவரிக்கு முன்னால் ஒரு யூசர் நேம், அதையடுத்து முக்காற்புள்ளி, அப்புறம் ஜி.எச்.பி. என்று தொடங்கி நீளமாக ஓடும் எழுத்துகள். அது ஒருவருடைய டோக்கன், அதாவது பாஸ்வேர்டுக்குப் பதிலாகக் கிட்ஹப் ஏற்றுக்கொள்ளும் ரகசியச் சாவி. வீட்டுச் சாவியைக் கதவிலேயே தொங்கவிட்ட மாதிரி முழுசாகத் தெரிந்தது.

“இது யாரோடதும்மா?” என்று கேட்டேன்.

“டீம் லீடரோடதுங்க சார். லேப்ல புஷ் பண்ணா வேற யார் பேரோ காட்டி எர்ரர் வந்துச்சு. அப்புறம் லிங்க்லயே டோக்கனைப் போட்டுக்கோன்னு சொன்னாங்க.”

“இந்த ஃபோல்டர் எத்தனை பேர்கிட்ட இருக்கு?”

விரல் விட்டு எண்ணினார். டீமில் நாலு பேர். கைடுக்குக் கொடுத்த சிடி. டிபார்ட்மென்ட் டிரைவில் ஏற்றிய ஜிப். ரிப்போர்ட் பிரிண்ட் எடுக்கப் போன ஜெராக்ஸ் கடையில் பென்டிரைவைச் செருகியபோது கடைக்காரர் ஃபோல்டரை அப்படியே டெஸ்க்டாப்பில் காப்பி போட்டுத்தான் பிரிண்ட் கொடுத்தாராம். ஆறாவது விரலுக்கு வந்ததும் அவருக்கே முகம் மாறிவிட்டது.

அந்த டீம் லீடருக்கு அங்கேயே போன் செய்தோம். பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். டோக்கன் உருவாக்கும்போது எல்லாக் கட்டத்திலும் டிக் அடித்திருக்கிறார்; காலாவதித் தேதியும் வைக்கவில்லை. டோக்கனை ரத்து செய்ய இரண்டு நிமிடம்தான் ஆனது. ஆனால் அதே அக்கவுண்டைத் தான் புதிதாகச் சேர்ந்த நிறுவனத்தின் ப்ரைவேட் ரெப்போவிலும் (வெளியார் பார்க்க முடியாத கோட் களஞ்சியம்) சேர்த்திருந்தார். அது நினைவுக்கு வந்ததும் போனில் கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை.

இதில் அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. “வேற யார் பேரோ” ஏன் வந்தது என்று பாருங்கள்.

விண்டோஸில் கிட் நிறுவினால் கிட் கிரெடென்ஷியல் மேனேஜரும் கூடவே வரும். முதல் முறை புஷ் செய்யும்போது, அதாவது கோடைக் கிட்ஹப்புக்கு அனுப்பும்போது, பிரவுசர் திறக்கும், மாணவர் லாகின் செய்வார், கிடைத்த டோக்கன் விண்டோஸின் கிரெடென்ஷியல் மேனேஜரில் போய் உட்கார்ந்துகொள்ளும். அது மறையாக்கம் செய்துதான் வைக்கப்படுகிறது. நல்ல பூட்டுதான். ஆனால் அந்தப் பூட்டு திறப்பது விண்டோஸ் யூசருக்கு. நான் பார்த்த பல லேப்களில் அந்த யூசர் ‘ஸ்டூடன்ட்’ என்ற ஒரே பெயர்தான், எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டு. அதனால் திங்கட்கிழமை ஒருவர் லாகின் செய்துவிட்டுப் போன சிஸ்டத்தில் செவ்வாய்க்கிழமை இன்னொருவர் உட்கார்ந்தால், கிட் பழையவரின் டோக்கனையே எடுத்து நீட்டும். எந்த ரெப்போ என்று அது பார்ப்பதில்லை. தனியாகச் சொல்லி வைக்காவிட்டால் எந்தத் தளம் என்பதை மட்டும்தான் பார்க்கும். புதியவருக்கு 403 என்று எர்ரர் வரும், இன்னாருக்கு அனுமதி இல்லை என்று முன்னவர் பெயரைச் சொல்லும். தான்தான் ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று அந்தப் பிள்ளை நினைத்துக்கொள்ளும். அவசரத்தில் லிங்க்கிலேயே டோக்கனை ஒட்டும் யோசனை இங்கேதான் பிறக்கிறது.

இன்னொரு நிலைமையும் உண்டு. முன்னவரும் அதே ரெப்போவில் உறுப்பினர் என்றால் எர்ரரே வராது. அவர் பெயரிலேயே புஷ் போய்விடும். கமிட்டில், அதாவது கோடின் ஒவ்வொரு மாற்றப் பதிவிலும், வரும் பெயரும் மின்னஞ்சலும் லாகினோடு சம்பந்தப்படாத தனி அமைப்பு. சிஸ்டத்தில் யாரோ ஒரு சீனியர் எல்லா ப்ராஜெக்டுக்கும் பொருந்தும்படி ‘குளோபல்’ என்று போட்டு வைத்த பெயர் அப்படியே இருந்தால், ஜூனியர் இரவெல்லாம் கண்விழித்து எழுதிய கோட் சீனியர் பெயரில் பதிவாகும். வைவாவில் கமிட் வரலாற்றைத் திறந்து பார்த்து, “இது உன்னோடது இல்லையே” என்று கேட்டால் அந்தப் பிள்ளை என்ன பதில் சொல்லும்?

லினக்ஸ் லேப்களில் நிலைமை வேறு. டோக்கனைச் சேமிக்கக் கிட்டில் ‘ஸ்டோர்’ என்ற முறையை வைத்தால் பயனர் பெயரும் டோக்கனும் ஹோம் ஃபோல்டரில் ஒரு ஃபைலில் வெறும் எழுத்தாகவே எழுதப்படும். நோட்பேடு போல எதில் திறந்தாலும் படிக்கலாம். இணையத்தில் தேடினால் பல இடங்களில் முதல் விடையாக இதைத்தான் சொல்கிறார்கள். பிள்ளைகளும் காப்பி எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். அதற்குப் பதில் ‘கேஷ்’ என்ற முறை இருக்கிறது. டோக்கன் நினைவகத்தில் மட்டும் இருக்கும், 900 வினாடி ஆனதும் தானாக மறந்துவிடும். லேப் நேரத்துக்கு ஏற்ப அந்த வினாடிகளைக் கூட்டியும் வைக்கலாம். பொது சிஸ்டத்துக்கு இதுதான் சரி.

கோடுக்குள் டோக்கனை எழுதிப் பொது ரெப்போவில் ஏற்றினால் கிட்ஹப்பே கண்டுபிடித்துத் தடுக்கப் பார்க்கும். ஆனால் லிங்க்கில் ஒட்டிய டோக்கன், ப்ராஜெக்டுக்குள் கிட் மறைவாக வைத்திருக்கும் ‘டாட் கிட்’ ஃபோல்டருக்குள் கான்ஃபிக் ஃபைலில் கிடக்கும். அந்த ஃபைல் புஷ் ஆகாது, அதனால் கிட்ஹப்பின் கண்ணில் படவே படாது. ஜிப் போடும்போதும் பென்டிரைவில் காப்பி எடுக்கும்போதும்தான் சத்தமில்லாமல் கூடப் போகும். நீங்கள் வாங்கி வைத்திருக்கும் ப்ராஜெக்ட் சிடிகளில் இப்படி எத்தனை இருக்குமோ என்று நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

இதை ஊருக்குச் சொல்லும் தகுதி எனக்கு எப்படி வந்தது என்றால், நாங்களே இதில் விழுந்து எழுந்தவர்கள். 2021 ஆகஸ்ட் 13 அன்று கிட்ஹப் பாஸ்வேர்டு வைத்து புஷ் செய்வதை நிறுத்தியது. மறுநாள் காலை அலுவலகத்தில் ஒருவருக்கும் வேலை ஓடவில்லை. பதற்றத்தில் நான் ஒரே ஒரு டோக்கன் போட்டேன், எல்லா அனுமதியோடும், காலாவதி இல்லாமல். ஏழு கணினியிலும் அதையே ‘ஸ்டோர்’ செய்து வைத்தேன். ஒன்றரை வருடம் கழித்து அதில் ஒரு லேப்டாப்பைப் பழைய விலைக்கு விற்றோம். விற்று மூன்றாம் நாள் ராத்திரி, படுக்கப் போன பிறகு அந்த ஃபைல் ஞாபகத்துக்கு வந்தது. எழுந்து டோக்கனை ரத்து செய்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். எந்தக் கெடுதலும் நடக்கவில்லை. நடந்திருந்தால் வாடிக்கையாளர்களின் கணக்கு முழுக்க அந்த ரெப்போக்களில்தான் இருந்தது.

பெரிய இடங்களிலும் இதுதான் கதை. கார்களை இணையத்தோடு இணைக்கும் டொயோட்டாவின் டி-கனெக்ட் சேவைக்கான கோடின் ஒரு பகுதி, சர்வரின் அணுகல் சாவியோடு, 2017 டிசம்பரிலிருந்து 2022 செப்டம்பர் வரை கிட்ஹப்பில் பொதுவில் கிடந்தது. 2,96,019 வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல் முகவரிகள் கசிந்திருக்கலாம் என்று நிறுவனமே அறிவித்தது. கிட்டத்தட்ட ஐந்து வருடம் யாரும் கவனிக்கவில்லை.

சரி, உங்களிடம் நான் கேட்பது என்ன? முடிந்தால் மாணவருக்குத் தனித்தனி விண்டோஸ் லாகின் கொடுங்கள். பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும். அதற்கு வசதி இல்லாத லேப்களில், கடைசி ஐந்து நிமிடத்தைச் சுத்தம் செய்வதற்கென்று ஒதுக்குங்கள். கன்ட்ரோல் பேனலில் கிரெடென்ஷியல் மேனேஜரைத் திறந்து, ‘கிட்’ என்று தொடங்கும் வரியை நீக்கச் சொல்லுங்கள். நான் செவ்வாய்ப்பேட்டையில் வளர்ந்தவன். அப்பா கொலுசுப் பட்டறையில் இருந்தார். காலையில் எடை போட்டு வாங்கிய வெள்ளியை மாலையில் எடை போட்டு ஒப்படைக்காமல், தரையில் விழுந்த பொடியைக் கூட்டி எடுக்காமல் யாரும் வீட்டுக்குக் கிளம்ப மாட்டார்கள். யாரையும் சந்தேகப்பட்டு அல்ல, வேலையின் ஒரு பகுதியாகவே அது நடக்கும். லேப்பிலும் அந்தப் பழக்கம் வரவேண்டும் என்பது என் ஆசை.

அப்புறம், டோக்கன் எப்படிப் போடுவது என்று ஒரு பீரியட் சொல்லிக்கொடுங்கள். கிட்ஹப்பில் இப்போது ஒரே ஒரு ரெப்போவுக்கு மட்டும், இத்தனை நாளைக்கு மட்டும் என்று வரம்பு வைத்து டோக்கன் எடுக்கலாம். ப்ராஜெக்ட் ரெப்போவுக்கு மட்டும், செமஸ்டர் முடியும் தேதி வரைக்கும் என்று எடுத்தால் போதும். சொந்த லேப்டாப் வைத்திருப்பவர்கள் பாஸ்ஃப்ரேஸ் என்ற ரகசியச் சொல்லால் பூட்டிய எஸ்.எஸ்.எச். சாவி (டோக்கனுக்குப் பதிலாகக் கணினியிலேயே இருக்கும் ரகசிய ஃபைல்) வைத்துக்கொள்ளட்டும், பொது சிஸ்டத்தில் அது வேண்டவே வேண்டாம். ப்ராஜெக்ட் வாங்கும்போது ‘டாட் கிட்’ ஃபோல்டர் இல்லாத ஜிப்பாகக் கேட்டு வாங்குங்கள், அல்லது ரெப்போ லிங்க்கை மட்டும் வாங்குங்கள்.

நாளை காலை லேப் திறந்ததும் ஏதாவது ஒரு சிஸ்டத்தில் அந்த கிரெடென்ஷியல் மேனேஜரைத் திறந்து பாருங்கள். அதில் யார் பெயர் இருக்கிறதோ அந்த மாணவருக்கு ஒரு போன் போடுங்கள். படித்து முடித்துப் போனவராக இருந்தாலும் சரி.

சனிக்கிழமைகளில் நான் எந்தக் கல்லூரிக்கும் வரத் தயார். கருப்பூர் என்றாலும் சரி, ஏற்காடு மலைமேல் என்றாலும் சரி, கட்டணம் எதுவும் வேண்டாம். லேப் சுவரில் ஒட்டுவதற்கு ஒரு பக்கத்தில், தமிழில், படிப்படியாக எழுதி வைத்திருக்கிறோம். எழுதியவர் அந்த ஆத்தூர் மாணவிதான். இப்போது எங்களிடம் இன்டர்னாக இருக்கிறார். நீங்கள் கூப்பிட்டால் அவரும் என்னோடு வருவார்.

அன்புடன்,
ஐந்து ரோட்டிலிருந்து ஒரு மென்பொருள்காரன்