காணிக்கைப் பையை யார் எண்ணுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

திருச்சபைத் தலைவர்களின் நேர்மை என்றதும் திருமண்டல (மறைமாவட்ட) நிர்வாகத் தேர்தல், நில விற்பனை, நீதிமன்ற வழக்கு இவற்றைப் பற்றித்தான் பேசுகிறோம். ஞாயிறு ஆராதனை முடிந்து, வெஸ்ட்ரி (ஆலயத்தை ஒட்டிய குருவானவர் அறை) மேசையில் காணிக்கைப் பையை அவிழ்க்கும் அரைமணி நேரத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சபையின் ஒழுங்கு கெடத் தொடங்குவது பெரும்பாலும் அங்கேதான்.

பல சபைகளில் பொருளாளர் ஒருவரே எண்ணுகிறார். எண்ணிய கையோடு ஆலயப் பணியாளர் சம்பளம், பூ, ஜெனரேட்டர் டீசல், வெளியூர்ப் பிரசங்கியாருக்கான கவர் எல்லாம் அந்தப் பணத்திலிருந்தே போகிறது. மீதிதான் வங்கிக்கு வருகிறது. காணிக்கை 18,000 ரூபாய், செலவு 6,500 என்றால் பாஸ்புக்கில் 11,500 மட்டுமே தெரியும். ஒரு ரூபாய்கூட எடுக்காதவரும் ரசீது இல்லாமல் அந்த 6,500-க்குக் கணக்குச் சொல்ல முடியாது. இரண்டு வருடம் கழித்து சபையில் பிளவு வரும்போது முதலில் கிளப்பப்படுவது இதுதான்.

சரிசெய்வது கடினமே அல்ல. ஒரே குடும்பத்தைச் சேராத இருவர், வாரந்தோறும் சுழற்சி முறையில், ஆலயத்திலேயே எண்ண வேண்டும். குருவானவரும் பொருளாளரும் அந்த இருவரில் இருக்கக் கூடாது. 500, 200, 100 என்று நோட்டுகளைப் பிரித்து, ஒருவர் எண்ணியதை மற்றவர் மறுபடி எண்ணி, பக்க எண் அச்சிட்ட பதிவேட்டில் பேனாவால் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். தவறினால் அடித்து எழுதிப் பக்கத்தில் கையெழுத்து. வெள்ளை மை கூடாது. காணிக்கைக் கவரின் மேல் எழுதிய தொகையும் உள்ளே இருப்பதும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து, தணிக்கை முடியும்வரை கவர்களைக் கட்டி வைக்க வேண்டும். முழுத் தொகையும் மறுநாள் வங்கிக்குப் போக வேண்டும், செலான் அதே பக்கத்தில் ஒட்டப்பட வேண்டும். சில்லறைச் செலவுக்கு 5,000 ரூபாய் போலத் தனியாக ஒதுக்கி, வவுச்சர் காட்டினால் மட்டும் அதை நிரப்பினால் போதும்.

இப்போது பையைவிடக் கவனிக்க வேண்டியது க்யூஆர் அட்டை. ஸ்கேன் செய்தால் சபையின் பெயர் வர வேண்டும். போதகரின் பெயரோ அவர் மகனின் பெயரோ வந்தால், அந்தப் பணம் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. தொலைக்காட்சியில் தன் சொந்த எண்ணைக் காட்டிக் காணிக்கை கேட்கும் ஊழியருக்கும் இதே கேள்விதான்.

“தேவ ஊழியரைச் சந்தேகப்படலாமா?” என்று கேட்பார்கள். வேதாகமத்தில் எஸ்றா புத்தகத்தின் 8-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். எருசலேம் ஆலயத்துக்கான 650 தாலந்து வெள்ளியையும் 100 தாலந்து பொன்னையும் பன்னிரண்டு ஆசாரியரிடம் எஸ்றா நிறுத்துக் கொடுக்கிறார். “நீங்கள் கர்த்தருக்குப் பரிசுத்தமானவர்கள்” என்று அவர்களிடமே சொல்கிறார், சொல்லிவிட்டும் நிறுக்கிறார். எருசலேமில் மறுபடி நிறுத்து, எல்லாவற்றின் நிறையும் எழுதப்பட்டது. எருசலேம் ஏழைகளுக்கான தர்மப்பணத்தை அப்போஸ்தலன் பவுலும் தனியாகக் கொண்டுபோகவில்லை. சபைகள் தெரிந்தெடுத்த ஒருவரைத் தன் உடன் ஊழியர் தீத்துவோடு அனுப்பி, “கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானவைகளைச் செய்ய நாடுகிறோம்” என்று கொரிந்தியருக்கு எழுதினார். தன்மேல் பழி வராதபடி தானே வேலி போட்டுக்கொண்டவர் அவர். இந்த ஒழுங்கைக் கமிட்டி கேட்கும்வரை காத்திராமல் குருவானவரே முதலில் கேட்க வேண்டும் என்பது அதனால்தான்.

இன்னொன்று நோக்க நிதி, அதாவது குறிப்பிட்ட ஒரு காரியத்துக்கென்றே கொடுக்கப்படும் பணம். கட்டட நிதிக்குக் கொடுத்ததைச் சம்பளத்துக்குத் திருப்புவதும், 2023 டிசம்பர் வெள்ளத்தைப் போன்ற பேரிடரில் நிவாரணத்துக்குத் திரட்டியதைப் பண்டிகைச் செலவில் கரைப்பதும், பணம் சபைக்குள்ளேயே இருந்தாலும், கொடுத்தவருக்குச் செய்யும் பொய். ஒவ்வொரு நிதிக்கும் தனிப் பேரேடு வேண்டும். அதன் இருப்பை மாதம் ஒருமுறை ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். தணிக்கையாளர் வங்கி அறிக்கையைப் பொருளாளரிடமிருந்து வாங்காமல் வங்கியிடமிருந்தே நேராகப் பெற வேண்டும்.

குருவானவர் இடமாறும்போது பதிவேடுகள், காசோலைப் புத்தகங்கள், நிலப் பத்திரங்கள், இணைய வங்கிக் கடவுச்சொல், ஓடிபி வரும் கைபேசி எண் ஆகியவற்றைப் பட்டியலிட்டு, புதியவரும் கமிட்டியும் கையெழுத்திட்டுப் பெற்றுக்கொள்ள வேண்டும். பழைய கையெழுத்து அதிகாரத்தை அந்த வாரத்திலேயே வங்கியில் ரத்து செய்ய வேண்டும்.

— சபைக் கணக்குத் தணிக்கையில் ஈடுபட்டுள்ள வாசகர்கள்,
பாளையங்கோட்டை